இ-சைக்கிள் வாங்கலாமா? முதலில் பேட்டரி விலையைக் கேளுங்கள்

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன், வேலை தில்லை நகரில். ஒரு வழிக்கு ஏழு கிலோமீட்டர்போல இருக்கும். இப்போது டவுன் பஸ்ஸில் போகிறேன். டிக்கெட் செலவு இல்லை, ஆனால் காத்திருந்து அலுத்துவிட்டது. ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது, லைசென்ஸும் இல்லை. சைக்கிள் நன்றாக ஓட்டுவேன். 32 ஆயிரத்துக்கு ஒரு இ-சைக்கிள், அதாவது பேட்டரி மோட்டார் வைத்த சைக்கிள், பார்த்து வைத்திருக்கிறேன். ஒரு சார்ஜில் 40 கிலோமீட்டர் ஓடும் என்கிறார்கள். வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வாங்கலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: வாங்கலாம். ஆனால் அந்த 40 கிலோமீட்டரை நம்பி வாங்காதீர்கள். நீங்களும் விடாமல் மிதித்தால் கிடைக்கும் தூரம் அது. பேட்டரி 36 வோல்ட், 7.5 ஆம்பியர்-அவர் என்றால் இரண்டையும் பெருக்குங்கள்: 270 வாட்-அவர். பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு அது. மிதிக்காமல், கைப்பிடியில் உள்ள த்ராட்டிலை (மோட்டாரை ஓட்டும் திருகு) மட்டும் திருகிப் போனால் கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட்-அவர் தின்னும். அதாவது 25 கிலோமீட்டர் சொச்சம். உங்களுக்குப் போக வர 14 கிலோமீட்டர், அதற்கு இது தாராளம். காவிரிப் பாலத்தில் ஆடிக் காற்று எதிரே வரும் மாதத்தில் மட்டும் கொஞ்சம் குறையும்.

மின்சாரச் செலவைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஒரு முழு சார்ஜுக்கு ஏறக்குறைய 0.3 யூனிட், மாதத்துக்கு ஐந்து யூனிட்கூடத் தாண்டாது. உண்மையான செலவு பேட்டரிதான். லித்தியம் பேட்டரி சுமார் 500 முழு சார்ஜ் வரை நன்றாக உழைக்கும், பிறகு கொள்ளளவு குறைய ஆரம்பிக்கும். தினமும் பாதி சார்ஜ்தான் தீரும் என்பதால், உங்கள் ஓட்டத்துக்கு அது மூன்று வருஷம். புதிய பேட்டரி 12 ஆயிரம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 330 ரூபாய்க்கு மேல் விழுகிறது. இதே தூரத்துக்கு ஸ்கூட்டர் என்றால் பெட்ரோலுக்கே மாதம் 800 ரூபாய் ஆகும். அதோடு ஒப்பிட்டால் லாபம்தான். ஆனால் நீங்கள் போவது கட்டணமில்லாத பஸ்ஸில். அதனால் பணம் மிச்சமாகும் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது நேரத்தை. அது உங்களுக்கு அந்த விலை பெறுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து மாடிப்படி. இந்த சைக்கிள்கள் 20 கிலோவுக்கு மேல் கனக்கும். தினமும் இரண்டு மாடி தூக்கும் கதையே வேண்டாம். பேட்டரியைச் சாவி போட்டுக் கழற்றி, அதை மட்டும் மேலே கொண்டுபோய் சார்ஜ் போடும் மாடலாகப் பாருங்கள். சைக்கிளின் ஃப்ரேமுக்குள்ளேயே பேட்டரியைப் பதித்து, கழற்ற முடியாதபடி செய்த மாடல்களும் விற்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், உங்களுக்கு ஆகாது. கீழே சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்ட இடம் இருக்கிறதா என்பதையும் வீட்டுக்காரரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். சார்ஜ் போடும்போது பேட்டரியைக் கட்டிலுக்கு அடியிலோ வாசற்கதவை ஒட்டியோ வைக்காதீர்கள். ராத்திரி முழுக்கச் செருகி வைத்துவிட்டுத் தூங்கவும் வேண்டாம்.

விற்பவர்கள் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: பின்சக்கரப் பஞ்சர். மோட்டார் பெரும்பாலும் பின்சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில்தான் இருக்கும். சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் மோட்டார் வயரையும் பிரிக்க வேண்டும். வயரைப் பார்த்ததும் சில பஞ்சர் கடைக்காரர்கள் கையை எடுத்துவிடுவார்கள். உங்கள் வழியில் இருக்கும் கடைக்காரர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். சக்கரத்தைக் கழற்றாமலே ட்யூபை வெளியே இழுத்து ஒட்டிவிடலாம், கைப்பழக்கம் உள்ளவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

கடையில் ஓட்டிப் பார்க்கும்போது மோட்டாரை அணைத்துவிட்டும் ஒரு சுற்று மிதித்துப் பாருங்கள். என்றைக்காவது வழியில் சார்ஜ் தீரும், அன்றைக்கு அதை மிதிக்கப்போவது நீங்கள். அப்புறம், மாற்று பேட்டரியின் விலை என்ன, எங்கே கிடைக்கும் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

கேள்வி: என் பழைய சைக்கிளில் 1000 வாட் மோட்டார் கிட் மாட்டித் தருகிறேன், 45 கிலோமீட்டர் வேகம் போகும், சைக்கிள்தானே, லைசென்ஸ் தேவையில்லை என்கிறார் ஒரு கடைக்காரர். சரியா?

பதில்: தவறு. லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம் என்ற சலுகை, மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாகவும் வேகம் 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால்தான். மோட்டார் வாகன விதிகளே அப்படித்தான் சொல்கின்றன. அதைத் தாண்டினால் அது மோட்டார் வாகனம், நம்பர் பிளேட் இல்லாத மோட்டார் வாகனம். போலீஸ் பிடிப்பதுகூடச் சின்ன விஷயம். யார் மீதாவது மோதிவிட்டால் நஷ்ட ஈட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்காது, முழுக்க உங்கள் பணம். அந்த வேகத்தை நிறுத்தப் பழைய சைக்கிளின் ரப்பர் கட்டை பிரேக்குக்கும் திராணி இல்லை.

கேள்வி: இ-சைக்கிள் வாங்கி எட்டு மாதத்தில் பேட்டரி சார்ஜ் ஏறவில்லை. தண்ணீர் போயிருக்கிறது, வாரண்டி கிடையாது என்கிறார்கள். மழையில் ஓட்டியது உண்மைதான். என்ன செய்வது?

பதில்: மழையில் ஓட்டலாம் என்று விளம்பரத்திலோ கையேட்டிலோ சொல்லியிருந்தால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். வாரண்டி மறுப்பை வாய்வார்த்தையாக விடாமல், காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சலில் வந்தாலும் போதும். பேட்டரியை அவர்களிடம் விட்டுவந்தால் ரசீது கட்டாயம். அதன் பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். பல நிறுவனங்கள் அதற்கே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதுவரை பேட்டரியை வெளி ஆள் யாரிடமும் கொடுத்துப் பிரித்துவிடாதீர்கள்.