பாட்டு நின்ற இடம்

அன்புள்ள அக்காவுக்கு,

மாங்குளத்துக்கு உட்பக்கமாக ஒரு பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிறேன். போன வருடம் கனடாவிலிருந்து வந்த மச்சாள் ஒரு ஹார்ட் டிஸ்க்கைத் தந்துவிட்டுப் போனாள். அதில் ‘கிளீ’ என்ற அமெரிக்கத் தொடர் முழுவதும் இருந்தது. 6 சீசன், 121 பகுதிகள். பள்ளிக்கூடத்துப் பாட்டுக்குழு ஒன்றின் கதை என்பதால் விடாமல் இருந்து பார்த்து முடித்தேன்.

என் அபிப்பிராயங்களைச் சொல்கிறேன், பிழை என்றால் திருத்துங்கள். முதல் பகுதிக்கு நூற்றுக்கு நூறு. ‘வீல்ஸ்’ பகுதியில் குழுவில் பாடும் கேர்ட் என்ற பையன் உச்ச சுரத்தை வேண்டுமென்றே தவறவிடுகிறான். சங்கீதம் படித்த என்னால் அதை மன்னிக்க முடியவில்லை. ‘ஹேரோகிராஃபி’யில் காது கேளாத பிள்ளைகள் பாடும்போது அழுதேன். ‘ஜர்னி டு ரீஜனல்ஸ்’ அநியாயம், போட்டியில் குழுவுக்கு மூன்றாம் இடம் கொடுத்திருக்கக் கூடாது. ‘த குவாட்டர்பேக்’ கொஞ்சமும் பிடிக்கவில்லை. செத்தவீட்டைக் கச்சேரி ஆக்கிவிட்டார்கள். குழுவில் முன்பு பாடிய ஃபின் எப்படிச் செத்தான் என்றுகூடச் சொல்லவில்லை. கடைசி இரண்டு சீசனையும் ஓட்டி ஓட்டித்தான் பார்த்தேன்.

இன்னொன்று. முதல் பகுதி ஒளிபரப்பான திகதியைத் தேடிப் பார்த்தேன். 2009 மே 19, இங்கே யுத்தம் முடிந்த நாட்கள். அன்றைக்கு நாங்கள் எங்கே இருந்தோம், அவர்கள் எங்கே பாடிக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்து அன்றிரவு நித்திரை வரவில்லை.

கடைசியாக ஒரு யோசனை கேட்க வேண்டும். தமிழ்மொழித் தினப் போட்டிக்குக் குழுப்பாடல் பழக்குகிறேன். நல்ல குரல் உள்ள ஒரு பிள்ளை, 2008இல் பிறந்தவள், தகப்பனைப் படத்தில் மட்டும் கண்டவள். பாட்டில் அப்பா என்ற சொல் வரும் அடியில் ஒவ்வொரு நாளும் குரல் உடைந்து நின்றுவிடுகிறாள். புள்ளி போய்விடும், ஆளை மாற்று என்கிறார்கள். நான் என்ன செய்ய?

அன்புடன்,
ஒரு வாசகி (பெயர் வேண்டாம் அக்கா)

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அந்தத் தொடரை நானும் பார்த்திருக்கிறேன், உங்களைப் போல ஒரே மூச்சில் இல்லை, இரண்டு மூன்று வருடமாக. பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒஹையோ மாநிலத்தில் லைமா என்ற சிறு நகரம். அங்கே ஒரு உயர்நிலைப் பள்ளி. ஸ்பானிய மொழி படிப்பிக்கும் வில் ஷூஸ்டர் என்ற ஆசிரியர், யாரும் மதிக்காத பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பாட்டுக்குழுவை நடத்துகிறார். நடைபாதையில் மற்ற மாணவர்கள் அந்தப் பிள்ளைகளின் முகத்தில் நிறம் போட்ட ஐஸ் பானத்தை ஊற்றுகிறார்கள். அவர்கள் முகத்தைக் கழுவிக்கொண்டு போய்ப் பாடுகிறார்கள். கதை இவ்வளவுதான்.

முதலில் அந்தத் திகதி. ஒன்றைத் திருத்துகிறேன், கோபிக்க வேண்டாம். அமெரிக்காவில் அது 19ஆம் திகதி இரவு. நமக்கு அந்த நேரம் 20ஆம் திகதி விடிந்துவிட்டது. அந்த விடியல் எனக்கு நல்ல நினைவு. செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். தண்ணீர் பவுசர் வரும் என்று அம்மா இருட்டோடு எழும்பி வாளியை வரிசையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே குந்திக்கொண்டிருந்தார். யாரும் யாரோடும் கதைக்கவில்லை. அவ்வளவு சனம் இருந்தும் வாளிக் கைபிடி இடிபடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. அதே நேரத்தில் அந்தப் பிள்ளைகள் சிவப்பு மேற்சட்டை போட்டுக்கொண்டு மேடையில் நின்று, நம்பிக்கையை விடாதே என்று பாடியிருக்கிறார்கள். வேலையை விட்டுப் போக இருந்த ஆசிரியர் அந்தப் பாட்டைக் கேட்டு நின்றுவிடுகிறார்.

உங்களுக்கு இதனால் நித்திரை வரவில்லை என்றால் விளங்குகிறது. ஆனால் அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கேயோ யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள் என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்கூட இருக்கிறது. உலகம் முழுக்க அன்றைக்கு வாயடைத்துப் போயிருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

சரி, ‘வீல்ஸ்’. இதில் நான் உங்களோடு முழுதாக முரண்படுகிறேன். அந்த உச்ச சுரம் வரும் பாட்டுக்காகக் கேர்ட் எவ்வளவு சண்டை பிடித்தான்! பெண்ணுக்கு உரிய பாட்டு என்று மறுத்தபோது தகப்பன் பாடசாலைக்குப் போய் வாதாடி வாய்ப்பு வாங்கிக் கொடுக்கிறார். பிறகு ஒருநாள் அந்த மனிதருடைய வேலைத்தலத்துக்கு யாரோ தொலைபேசி எடுத்து மகனைக் கேவலமாகச் சொல்கிறார்கள். அவருடைய முகம் விழுந்துபோனதை மகன் கண்டுவிடுகிறான். அதனால்தான் போட்டியில் அந்த உச்ச சுரத்துக்கு வந்ததும் வேண்டுமென்று விட்டுவிடுகிறான். அவனால் அதைப் பாட முடியும், நமக்குத் தெரியும். வெல்வதைவிட அப்பா அவனுக்குப் பெரிது. உடைந்த அந்தச் சுரத்துக்குள் ஒரு முழுக் கதை இருக்கிறது, தங்கை. கேர்டாக நடித்த கிறிஸ் கோல்ஃபர் தன் பள்ளிக் காலத்தில் அதே பாட்டைப் பாடக் கேட்டு, ஆண்பிள்ளை என்பதால் மறுக்கப்பட்டவர். அந்தச் சம்பவத்திலிருந்துதான் இந்தக் காட்சியே பிறந்தது. சுரம் சுத்தமாக விழுந்திருந்தால் கைதட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிருப்போம். நீங்களும் எனக்கு இதை எழுதியிருக்க மாட்டீர்கள்.

அதே பகுதியில் எனக்கு வேறு ஒரு குறை இருக்கிறது. சக்கர நாற்காலியில் இருக்கும் ஆர்ட்டியாக நடித்தவர் நடக்கக் கூடியவர். செல்லடியில் கால் போன, முள்ளந்தண்டில் அடிபட்ட எத்தனை பேரோடு வாழ்கிறோம் நாம். நாற்காலியோடு பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளையை அவர்கள் தேடியிருக்கலாம். ஆனாலும் ஒன்றைச் சரியாகச் சொன்னார்கள். அவன் மற்றவர்களோடு ஒரே பஸ்ஸில் போவதற்காகக் குழு முழுவதும் கேக் செய்து விற்கிறது. ஒருவனுக்குப் படி ஏற முடியாது என்றால் அது எல்லோருக்கும் உரிய வேலை. நம்முடைய எத்தனை மண்டபங்களுக்கு இன்னும் சாய்தளம் இல்லை.

‘ஹேரோகிராஃபி’யில் நீங்கள் அழுத இடத்தில் நானும் அழுதேன். ஆனால் இரண்டாம் தரம் பார்க்கும்போது எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பிள்ளைகளில் ஒருவன் தன் கரகரத்த குரலில் சொற்களைச் சொல்கிறான். மற்றவர்கள் கைகளால் பாடுகிறார்கள். அவ்வளவு அமைதி அந்த மண்டபத்தில். அதை அப்படியே விட்டிருக்கக் கூடாதா? நம்முடைய குழு எழும்பிப் போய் நல்ல குரலில் சேர்ந்து பாடுகிறது. உடனே நம் காது பழக்கமான குரலின் பின்னால் போய்விடுகிறது, கைகளை மறந்துவிடுகிறோம். காது கேளாத பார்வையாளர்கள் சிலரும் அப்போதே இதைக் குறையாகச் சொன்னார்கள். குரல் உடைந்து கிடக்கிற இடத்தை நிரப்பியே தீர வேண்டும் என்ற அவசரம் இந்தத் தொடருக்கு எப்போதும் உண்டு.

‘ஜர்னி டு ரீஜனல்ஸ்’ பற்றி அதிகம் சொல்ல இல்லை. தோற்றது சரி என்றே நினைக்கிறேன். கோட்டம், வலயம், மாகாணம் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரியும் உங்களுக்குத் தெரியாததா? தோற்றபிறகு அந்தப் பிள்ளைகள் தங்கள் ஆசிரியருக்காக ஒரு பாட்டுப் பாடுகிறார்களே, வென்றிருந்தால் அது நமக்குக் கிடைத்திருக்காது.

இனி ‘த குவாட்டர்பேக்’. இதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

ஃபின்னாக நடித்த கோரி மொன்டீத் 2013 ஜூலை 13 அன்று வான்கூவரில் இறந்தார், 31 வயது. இந்தப் பகுதி அதே வருடம் அக்டோபர் 10 அன்று வந்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. கதையில் அவனுக்காகப் பாடுகிற ரேச்சல், லியா மிஷேல், வாழ்க்கையிலும் அவருடைய காதலி. கச்சேரி என்று எழுதிவிட்டீர்கள். அந்தப் பெண்ணின் முகத்தை இன்னொரு தரம் பாருங்கள். அங்கே நடிப்பு எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

எப்படிச் செத்தான் என்று சொல்லவில்லை என்பது உங்கள் குற்றச்சாட்டு. தொடக்கத்திலேயே கேர்ட் அதற்குப் பதில் சொல்கிறான். எல்லோரும் அவன் எப்படிப் போனான் என்றே கேட்கிறார்கள், அது அவன் வாழ்வில் ஒரு கணம், அவன் எப்படி வாழ்ந்தான் என்பதுதான் எனக்கு வேண்டும் என்ற கருத்தில். இதைக் கேட்டதும் நான் படத்தை நிறுத்திவிட்டு எழும்பிப் போய்விட்டேன்.

ஏனென்றால் என் தம்பி 2009 மாசியில் போனவன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் அம்மாவிடம் கேட்டது ஒரே கேள்வி. எந்த இடம், என்ன நடந்தது, ஆர் கண்டது. சொந்தக்காரர் கேட்டார்கள், பதிவுக்கு வந்தவர்கள் கேட்டார்கள், எழுதுகிறோம் என்று வந்தவர்களும் கேட்டார்கள். அம்மா சொல்லிச் சொல்லி அந்த ஒரு மத்தியானம் தேய்ந்துபோய்விட்டது. அவன் புளிக்கஞ்சிக்கு எத்தனை மிளகாய் போடச் சொல்லுவான், சைக்கிளில் போகும்போது என்ன மெட்டை விசிலடிப்பான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தப் பகுதியில் தாய் மகனுடைய அறையில் நின்று உடுப்புகளைப் பிரித்துக்கொண்டிருப்பாள். காலையில் கண் விழிக்கும்போது ஒரு கணம் மறந்திருக்கும், பிறகு நினைவு வரும் என்று சொல்லி உடைவாள். அங்கே ஒரு பாட்டும் இல்லை. ஃபின்னின் பள்ளி மேற்சட்டை கைமாறிக் காணாமல் போய், கடைசியில் அது ஆசிரியரிடம் இருக்கிறது. வீட்டுக்குப் போய் அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவர் அழுகிறார்.

எங்கள் அம்மாவிடம் தம்பியின் வெள்ளைப் பள்ளிக்கூடச் சேட்டு ஒன்று இருக்கிறது. பொக்கற்றில் பேனை கசிந்து ஊதா நிறத்தில் ஒரு வட்டம். அரிசிப் பைக்குள் சுருட்டி வைத்து இடத்துக்கு இடம் கொண்டுவந்தது. சித்திரையில் அலுமாரி உடுப்பெல்லாம் வெயிலில் காயப்போடும்போது அதை மட்டும் எடுக்க விடமாட்டார். “வெயிலிலை போட்டா மணம் போயிடும் பிள்ளை” என்பார். மணம் எப்போதோ போய்விட்டது. நான் சொல்லவில்லை.

ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இழவையும் பாட்டையும் சேர்க்கக் கூடாது என்று நாம் எப்படிச் சொல்லலாம்? யானையைக் கட்டிய அரியாத்தை பேரில் இந்த வன்னியில் ஒரு ஒப்பாரியே பாடப்பட்டிருக்கிறது. இன்றைக்கும் அவளைச் சொல்லும்போது நம் கண்முன்னே வருவது அந்த யானைதான், அவளுடைய சாவு அல்ல.

அப்புறம் அதே பகுதியில் சன்டானா, குழுவின் இன்னொரு பெண். அவள் பாடத் தொடங்கி, பாதியில் குரல் போய், மற்றவர்கள் தேற்ற வரும்போது அலறிக்கொண்டு வெளியே ஓடிவிடுகிறாள். அந்தப் பாட்டு முடிவதே இல்லை. இந்த 121 பகுதிகளிலும் எனக்கு மிக உண்மையாகப் பட்ட இடம் அதுதான். அவளாக நடித்த நயா ரிவேராவும் இப்போது இல்லை. 2020 ஜூலையில் கலிஃபோர்னியாவில் ஒரு ஏரியில் மூழ்கினார். நாலு வயது மகனைப் படகில் ஏற்றிவிட்டுத்தான் மூழ்கினார். உடல் கிடைத்தது ஜூலை 13 அன்று, கோரி இறந்த அதே நாளில். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியைப் பார்ப்பது மிகக் கடினம்.

கடைசி சீசன்களில் சலிப்பு வந்தது என்கிறீர்கள். எனக்கும்தான். ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடி, திருத்தி, மினுக்கி எடுத்த குரல்கள். பாத்திரம் அழுதுகொண்டு நிற்கும், குரலில் ஒரு சொட்டுக் கண்ணீர் இருக்காது. போகப் போக அது கூடிவிட்டது.

இப்போது உங்கள் மாணவி. ஆளை மாற்ற வேண்டாம்.

சின்ன வயதில் எங்கள் ஊரில் கோவலன் கூத்து ஆடினார்கள். கண்ணகிக்கு ஆடியவர் நடுத்தர வயதுக்காரர், கமம் செய்கிறவர். அந்த வருடம்தான் அவருக்கு மூத்த பிள்ளை தவறியிருந்தது. கோவலன் வெட்டுண்ட சேதி கேட்டுப் புலம்பும் இடத்தில் அவருக்கு அடி வரவில்லை. வாய் திறக்கிறார், சத்தம் இல்லை. அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தவில்லை. பிற்பாட்டுக்காரர் அந்த அடியை எடுத்தார்கள். ஒருதரம், இரண்டுதரம், மூன்றாம் தரம் அவர் மெல்ல வந்து சேர்ந்துகொண்டார். பார்த்துக்கொண்டிருந்த சனத்தில் ஒருவர்கூடப் பிழை விட்டார் என்று சொல்லவில்லை.

உங்களிடம் இருப்பது குழுப்பாடல். அந்த அடியைப் பிள்ளைகள் எல்லோருக்கும் பழக்குங்கள். அவள் நின்றால் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேர் எடுக்கட்டும், தாளம் விழாமல். அடுத்த அடியில் அவள் வந்து சேரலாம், வராவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் முதலில் அவளைத் தனியாக இருத்திக் கேளுங்கள், பாட விருப்பமா என்று. விருப்பம் இல்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், அழ வைத்து மேடையில் நிறுத்துவது பாவம். விருப்பம் என்றால், தகப்பனைப் பற்றி அவளுடைய தாய் என்ன சொல்லியிருக்கிறா என்றும் கேளுங்கள். எப்படிப் போனார் என்று கேட்க வேண்டாம். என்ன பாட்டுப் பாடுவார் என்று கேளுங்கள்.

புள்ளி குறையலாம். குறைந்தால் குறையட்டும்.

வலயப் போட்டி எந்தத் திகதி என்று எழுதுங்கள். கிளிநொச்சியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து மாங்குளம் சந்தியில் இறங்கிவிடுவேன். அம்மாவையும் கூட்டிவரப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா