டைசனைச் சின்ன ஆள் சாய்க்க முடியுமா? கேள்வி பதில்

காரைக்குடியில் சாயங்காலக் குத்துச்சண்டைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் எழுதிக் கொடுத்த கேள்விகள் இவை. பாதிக்கு மேல் டைசனைப் பற்றித்தான் வந்திருக்கின்றன, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கோட்டையூர், கல்லூரி மாணவர்: அண்ணே, உச்சத்தில் இருந்த மைக் டைசனை எடை குறைந்த பாக்ஸர் யாராவது ஜெயித்திருக்க முடியுமா?

முடியும் தம்பி, ஆனால் எல்லாச் சின்ன ஆளாலும் முடியாது. எல்லாவற்றுக்கும் மேல் எடைப் பிரிவான ஹெவிவெயிட்டில் டைசனே குள்ளம்தான், சுமார் 178 செ.மீ. 1986 நவம்பரில், 20 வயதில், அவர் ட்ரெவர் பெர்பிக்கிடமிருந்து பட்டத்தைப் பறித்தார். பெர்பிக் அவரைவிட 10 செ.மீ. உயரம். அந்தக் குறையையே டைசன் ஆயுதமாக்கிக்கொண்டார். தலையை ஆட்டியபடி, எதிராளி முன்னால் நீட்டிய கையால் விடும் நேர்க்குத்துக்கு, அதாவது ஜாபுக்கு, அடியில் நுழைவார். விலாவில் ஒன்று, அதே கையால் தாடையில் ஒன்று. ஆக, உயரக் குறைவு வேறு, எடைக் குறைவு வேறு. டைசன் 99 கிலோ. அதில் பெரும் பலம் கழுத்திலும் தொடையிலும் இருந்தது. 90 கிலோவுக்கு மேல் கட்டான உடம்பு உள்ளவருக்கு வாய்ப்பு உண்டு என்பேன். 80 கிலோ ஆளுக்கு இல்லை.

அதே மாணவர்: அப்படியென்றால் மைக்கேல் ஸ்பிங்ஸ் 91 நொடியில் விழுந்தது எடையால்தானே?

இல்லை. ஸ்பிங்ஸ் கீழ் எடையிலிருந்து மேலே வந்தவர் என்பது உண்மை. 1985-ல், லைட் ஹெவிவெயிட் சாம்பியனாக இருக்கும்போதே, 48 சண்டைகளில் தோற்காத லாரி ஹோம்ஸைப் புள்ளிக் கணக்கில் ஜெயித்தவர். ஆனால் 1988 ஜூன் 27 அன்று டைசன் எதிரே நின்றபோது அவர் 96 கிலோ. வித்தியாசம் மூன்றே கிலோ. வீடியோவில் அவர் காலைப் பாருங்கள். நகர்ந்து ஆடிப் பழகிய மனிதர், அன்றைக்குக் கயிற்றுப் பக்கம் போய் நின்றார். உடம்பில் ஒரு குத்து வாங்கி முழங்காலிட்டார். எழுந்ததும் அடுத்த குத்திலேயே கதை முடிந்தது. அன்றைக்கு அவரைத் தோற்கடித்தது பயம்தான் என்பது என் அபிப்பிராயம்.

புதுவயல், எங்களிடம் பயிலும் பையன்: மாஸ்டர், பிறகு எப்படித்தான் அடிப்பது? ஓடிக்கொண்டே இருந்தால் போதுமா?

ஓடினால் மட்டும் போதாது தம்பி. இவான்டர் ஹோலிஃபீல்டைப் பார். 1984 ஒலிம்பிக்கில் 81 கிலோ பிரிவு, பிறகு ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழான க்ரூசர்வெயிட்டில் எல்லாப் பட்டமும். 1996 நவம்பரில் டைசனோடு ஆடியபோது அவர் ஓடவில்லை. டைசன் உள்ளே பாயும் நேரம் பார்த்துக் குத்தினார், பாய்ந்து வந்ததும் கட்டிப்பிடித்துப் பின்னால் தள்ளினார். ஆறாவது ரவுண்டில் டைசன் கீழே போனார், பதினொன்றில் ரெஃப்ரி நிறுத்தினார். முன்னால் வந்து பழகியவனைப் பின்னால் நடக்க வைத்தால் அவன் பஞ்சில் பாதி போய்விடும்.

இப்படிக் கட்டிப்பிடிப்பதற்குக் கிளிஞ்ச் என்று பெயர். அதைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், சின்ன ஆட்கள் அங்கேதான் துவண்டுபோகிறார்கள். பெரியவர் முன்கையைச் சின்னவரின் பிடரியில் போட்டு மேலே சாய்வார். மூன்று நொடிதான் இருக்கும். அந்த மூன்று நொடியும் இரண்டு பேர் எடையையும் ஒரே ஜோடித் தொடை தாங்குகிறது. ஆறாவது ரவுண்டு வாக்கில் சின்னவரின் குதிகால் தரையில் பட ஆரம்பிக்கும். அதைப் பார்த்ததும் பெரியவரின் மூலையில் இருக்கும் பயிற்சியாளர்களுக்குத் தெரிந்துவிடும், இனி ஆள் நிற்பான், அடிக்கலாம் என்று.

அலெக்சாண்டர் உசிக் இதற்கு விடை கண்டுபிடித்தவர். அவரும் க்ரூசர்வெயிட்டிலிருந்து வந்தவர், இடக்கைக்காரர். 2024 மே மாதம் டைசன் ஃப்யூரியோடு (பெயரில்தான் டைசன், இவர் வேறு ஆள்) ஆடியபோது இவர் சுமார் 101 கிலோ, அவர் சுமார் 119. ஃப்யூரி சாய்வதற்குள் பக்கவாட்டில் ஒரு அடி எடுத்து வைத்து வெளியே வந்துவிடுவார். ஒன்பதாவது ரவுண்டில் ஃப்யூரி கயிற்றில் தடுமாறி, ரெஃப்ரி எண்ண வேண்டி வந்தது. நடுவர்களில் இருவர் உசிக் பக்கம், ஒருவர் ஃப்யூரி பக்கம். அந்தச் சண்டையை முழுதாகப் பார், குத்துகளை விட்டுவிட்டு உசிக்கின் முன்னங்காலை மட்டும் பார்.

தேவகோட்டை வாசகர்: ராய் ஜோன்ஸ் மிடில்வெயிட்டில் தொடங்கி ஹெவிவெயிட் பட்டம் ஜெயித்தாரே. அவர் டைசனையும் அடித்திருப்பார் என்கிறேன்.

எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 2003 மார்ச்சில் அவர் ஜெயித்தது ஜான் ரூயிஸை. ரூயிஸ் 102 கிலோ, ஜோன்ஸ் 88-க்கும் கீழே, அது பெரிய சாதனைதான். ஆனால் ரூயிஸ் பிடித்து மல்லுக்கட்டும் ஆள், ஒரே குத்தில் விளக்கை அணைப்பவர் அல்ல. அடுத்த ஆண்டே லைட் ஹெவிவெயிட்டில் ஆன்டோனியோ டார்வரின் ஒரே இடக்கைக் குத்தில் ஜோன்ஸ் இரண்டாம் ரவுண்டில் விழுந்தார். 2020-ல் 54 வயது டைசனும் 51 வயது ஜோன்ஸும் ஆடிய காட்சிப் போட்டியை இதில் சேர்க்கவே கூடாது.

காரைக்குடி, செக்காலை: முழு உச்சத்தில் இருந்த பஞ்சரை, அதாவது பலமாகக் குத்துபவரை, நிஜமாகவே சின்ன ஆள் கிட்டத்தட்ட ஜெயித்த சண்டை எது?

1941 ஜூன் 18, நியூயார்க். ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயிஸ், கீழ் எடையிலிருந்து வந்த பில்லி கான். அறிவித்த எடைப்படி கான் 79 கிலோ, லூயிஸ் 90. பன்னிரண்டு ரவுண்டு முடிந்தபோது நடுவர்களின் மதிப்பெண் அட்டைகளில் இரண்டில் கான் முன்னிலை, மூன்றாவதில் சமம். பன்னிரண்டாவதில் லூயிஸைத் தள்ளாட வைத்தும் விட்டார். இன்னும் மூன்று ரவுண்டு விலகி விலகி ஆடியிருந்தால் போதும். கான் நாக்அவுட்டுக்குப் போனார். எதிரே நின்று குத்துக்குக் குத்து கொடுத்தார். பதின்மூன்றாவது ரவுண்டு முடிய இரண்டு நொடி இருக்கையில் அவரை எண்ணி முடித்தார்கள். அந்தச் சண்டையைப் பற்றி நினைத்தாலே எனக்கு மனசு ஆறாது.

1909-ல் மிடில்வெயிட் ஆளான ஸ்டான்லி கெட்சலும் ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் ஜான்சனைப் பன்னிரண்டாவது ரவுண்டில் கீழே தள்ளினார். ஜான்சன் எழுந்த கையோடு கெட்சலைப் படுக்க வைத்தார். சின்ன ஆளுக்குப் பன்னிரண்டு ரவுண்டும் சரியாகப் போக வேண்டும். பஞ்சருக்கு ஒரு நொடி போதும்.

சிராவயல் இளைஞர்: மஞ்சுவிரட்டில் அத்தனை பெரிய காளையை மனுசன் அணைக்கிறானே, அது மாதிரிதானே அண்ணே?

ஒரு விஷயத்தில் ஆமாம். கொம்புக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் திமிலுக்கு வருகிறாய் இல்லையா, அந்தக் கோணம் ரிங்கிலும் வேண்டும். அதற்கு மேல் ஒற்றுமை தேடாதே. காளை நீ என்ன செய்வாய் என்று ஒரு வாரம் வீடியோ போட்டுப் பார்த்துவிட்டு வருவதில்லை.

கானாடுகாத்தான், ஓய்வு பெற்ற பெரியவர்: 1980-ல் மதராஸ் நேரு ஸ்டேடியத்தில் முகமது அலியைப் பார்த்தேன். கூட ஆடியவர் யார்?

ஜிம்மி எல்லிஸ், அய்யா. அவரும் மிடில்வெயிட்டில் தொடங்கியவர். அலியின் பட்டத்தைப் பிடுங்கிய பிறகு நடந்த போட்டித் தொடரில் 1968-ல் ஜெர்ரி குவாரியை ஜெயித்து அப்போது இரண்டாகப் பிரிந்திருந்த ஹெவிவெயிட் பட்டத்தில் ஒரு பாதியை வாங்கினார். 1970-ல் ஜோ ஃப்ரேசியர் நான்காவது ரவுண்டில் இரண்டு முறை விழவைக்க, ஐந்தாவதுக்கு அவரை மூலையிலிருந்தே அனுப்பவில்லை. சின்ன ஆள் ஜெயிக்க முடியுமா என்ற கேள்விக்கான இரண்டு பதிலும் நீங்கள் பார்த்த எல்லிஸின் வாழ்க்கையிலேயே இருக்கின்றன.

பள்ளத்தூர் ஆச்சி: என் பேரன் 52 கிலோ. வேறு ஊரில் பழகுகிறான். 70 கிலோ பையனோடு மோத விடுகிறார்களாம். தைரியம் வரும் என்கிறார்கள். சரியா தம்பி?

சரியில்லை ஆச்சி. மேலே சொன்னவர்கள் எல்லாம் வருடக்கணக்கில் கழுத்தைக் கட்டியவர்கள். தலை சட்டென்று சுழலும்போது மூளை உள்ளே அதிர்கிறது. அந்தச் சுழற்சியைத் தாங்குவது கழுத்து. பிள்ளைக் கழுத்து அதற்குத் தயாராக இருக்காது. ஹெட்கார்டு தோல் கிழியாமல் காக்கும், மூளை அதிர்வதைத் தடுக்காது. பயிற்சி முடிந்து தலைவலி, வாந்தி, நடந்தது மறந்துபோவது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சரி என்று சொல்லும் வரை ரிங் வேண்டாம். மாஸ்டரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். பேரன் எடைக்குப் பக்கத்தில் பையன் யாரும் வரவில்லையென்றால் அன்றைக்கு பேக் அடிப்பதும் ஸ்கிப்பிங்கும் போதும்.