கண்ணைக் குத்தும் சாமி

பேய்ப் படமே அல்லாத ஒரு படத்தில் வந்து, சின்ன வயதில் உங்களைத் தூங்கவிடாமல் செய்த கதாபாத்திரம் யார் என்பது கேள்வி. வில்லன்களாக அடுக்குவார்கள் என்று தெரியும். என்னைப் பயமுறுத்தியது வில்லன் இல்லை. சாமி. அதுவும் ரம்யா கிருஷ்ணன் உருவத்தில் வந்த சாமி.

படம் ‘அம்மன்’. தெலுங்கில் 1995இல் ‘அம்மோரு’ என்று வந்ததன் டப்பிங். இயக்கியவர் கோடி ராமகிருஷ்ணா. சௌந்தர்யா பக்தை, ராமி ரெட்டி மந்திரவாதி, ரம்யா கிருஷ்ணன் அம்மன். ஆடி பிறந்துவிட்டால் ஏதாவது ஒரு டிவியில் இதைப் போட்டுவிடுவார்கள். குடும்பத்தோடு பார்க்க வேண்டிய பக்திப் படம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள், என்னைத் தவிர.

நான் முதலில் பார்த்தது திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில், கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் ராத்திரி. அப்போதெல்லாம் கொடைக்கு டிவியும், வீடியோ கேசட் ஓட்டும் டெக்கும் வாடகைக்கு எடுத்துவந்து, தெருவில் மேசை போட்டு விடிய விடியப் படம் ஓட்டுவார்கள். மூன்று படம் என்றால் முதல் படம் சாமி படமாக இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். நான் மூன்றாம் வகுப்பு. ஆச்சி மடியில் பாதி, கோரைப்பாயில் பாதி.

ராமி ரெட்டியைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதுதான் படம் எடுத்தவர்களின் ஏற்பாடு. உருட்டிய கண், ‘ஜண்டா’ என்று இழுத்துக் கூப்பிடும் அந்தக் குரல் எல்லாம் அதற்குத்தான். பையன்கள் நாங்கள் மறுநாளே அந்தக் குரலை மிமிக்ரி செய்ய ஆரம்பித்துவிட்டோம். மிமிக்ரி செய்ய முடிகிற ஆளிடம் எவ்வளவு நேரம்தான் பயப்பட முடியும்?

அம்மன் விஷயம் அப்படி இல்லை. கிளைமாக்ஸில் ரம்யா கிருஷ்ணன் கண்ணை விரித்துக்கொண்டு சூலத்தோடு வந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டு அத்தை திடீரென்று ‘ஏய்ய்’ என்று ஒரு சத்தம் போட்டு எழுந்து ஆட ஆரம்பித்தார். அருள் வந்துவிட்டது. யாரோ வேப்பிலை ஒடிக்க ஓடினார்கள், யாரோ மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்தார்கள். படத்தை நிறுத்தினால் தெய்வக் குற்றம் என்று டெக்காரரும் நிறுத்தவில்லை. திரையில் ஒரு அம்மன், எனக்கு இரண்டு அடி தள்ளி இன்னொரு அம்மன். படம் வேறு, நிஜம் வேறு என்று பெரியவர்கள் சொல்வதை நான் அன்றோடு நம்புவதை விட்டேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. உண்மையான காரணம் வேறு. அந்த வாரம்தான் ஆச்சியின் சுருக்குப் பையிலிருந்து இரண்டு ரூபாய் எடுத்திருந்தேன். ஜவ்வு மிட்டாய்க்காரரிடம் கொடுத்து, கையில் வாட்ச் கட்டிக்கொண்டு, அதைத் தின்றும் முடித்திருந்தேன்.

யோசித்துப் பாருங்கள். வில்லன் யாரைத் துரத்துவான்? நல்லவர்களை. சௌந்தர்யாவை. என்னை அவன் ஏன் தேடப் போகிறான்? அம்மன் தேடி வருவது தப்பு செய்தவர்களை. அந்தத் தெருவில் அன்றைக்கு அம்மனுக்கு உரிய ஆள் நான் ஒருவன்தான் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. ஆச்சி வேறு எதற்கெடுத்தாலும், “ஏலே, பொய் சொன்னா சாமி கண்ணக் குத்திரும்” என்பாள். அதுவரை அந்தச் சாமிக்கு முகம் இல்லாமல் இருந்தது. இப்போது முகமும் வந்துவிட்டது. கையில் சூலமும் இருக்கிறது. எந்தக் கண் என்பதுதான் பாக்கி.

வீட்டுக் கொல்லையில் வேப்பமரம். ராத்திரி ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். வேம்பு அம்மன் மரம் என்று ஊருக்கே தெரியும். அடக்கிக்கொண்டு படுத்து, இரண்டு நாள் பாயை நனைத்தேன். மூன்றாம் வகுப்புப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய மானப் பிரச்சினை என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் பள்ளிக்கூடத்தில் ஒரு கூத்து. படத்தில் அம்மன் முதலில் ஒரு சின்னப் பெண்ணாக, வேலைக்கு வந்தவளாகத்தான் அந்த வீட்டுக்குள் நுழைவாள். அந்தச் சமயம் பார்த்து எங்கள் வகுப்பில் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். பெரிய கண். நெற்றியில் அதைவிடப் பெரிய பொட்டு. அதிகம் பேசமாட்டாள், பார்த்துக்கொண்டே இருப்பாள். எனக்குச் சந்தேகமே இல்லை. என் கமர்கட்டில் பாதி, சிலேட்டுக் குச்சி, நோட்டு அட்டை என்று தினம் ஒன்றாகக் காணிக்கை கொடுத்தேன். அவளும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டாள். அதுவும் சாமி லட்சணமாகத்தான் பட்டது.

1999இல் ‘படையப்பா’ வந்தபோது ஊரே ரம்யா கிருஷ்ணனின் நீலாம்பரியை வில்லியாகப் பார்த்தது. நான் தியேட்டரில் ரஜினிக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அம்மனைப் பகைத்துக்கொண்டால் சும்மா விடுவாளா என்று. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்தக் கண்களுக்கு அன்பும் கோபமும் ஒரே அளவில் வரும். அந்த அம்மையார் அதற்கு அடுத்த வருடம் ராம நாராயணனின் ‘ராஜகாளி அம்மன்’ படத்திலும் அம்மனாக வந்தார். எனக்கு விமோசனமே இல்லை.

இப்போது திரும்பிப் பார்த்தால் என் பட்டியல் முழுக்க இப்படித்தான் இருக்கிறது. ‘பக்த பிரகலாதா’ (1967) படத்தில் எஸ்.வி.ரங்காராவ் இரணியனாக அவ்வளவு உறுமுகிறார், பெற்ற பிள்ளையையே கொல்லப் பார்க்கிறார். நான் பயந்தது தூணைப் பார்த்து. ஆச்சி வீட்டுப் பட்டாசலில், அதாவது கூடத்தில், நான்கு மரத்தூண் உண்டு. அதில் எதிலிருந்து நரசிம்மர் வருவார் என்று தெரியாததால் நான்கிலிருந்தும் சம தூரத்தில் படுப்பேன்.

‘திருவிளையாடல்’ (1965) இன்னும் மோசம். அதில் நக்கீரர் பொய் சொல்லவில்லை, திருடவில்லை. பாட்டில் குற்றம் இருக்கிறது என்றுதான் சொல்கிறார். சிவாஜி நெற்றிக்கண்ணைத் திறந்து எரித்துவிடுகிறார். பிறகு உயிர் கொடுக்கிறார், சரி. ஆனால் அந்த நொடியில் எனக்குப் புரிந்தது இதுதான்: பொய் சொன்னால் கண்ணைக் குத்தும், உண்மை சொன்னால் எரித்துவிடும். இதில் நக்கீரராக நடித்தவர் படத்தின் இயக்குநர் ஏ.பி.நாகராஜனே என்று பெரியவனான பிறகு தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதல். அவர் விருப்பப்பட்டு எரிந்திருக்கிறார்.

‘பட்டணத்தில் பூதம்’ படத்தில் வரும் ஜாவர் சீதாராமனைப் பார்த்து அலறியதாக என் அப்பா சொல்வார். எனக்கு அந்தப் பூதத்தைப் பிடிக்கும். சொன்ன வேலையைச் செய்யும், கணக்குக் கேட்காது.

இந்த வியாதி எனக்கு மட்டும்தானா என்று நினைத்திருந்தேன். 2005இல் ‘அந்நியன்’ வந்தது. சித்தி பையன் அப்போது இரண்டாம் வகுப்பு. ரயிலில் மோசமான சாப்பாடு போட்டவரை கும்பிபாகம் என்று எண்ணெயில் பொரிக்கும் காட்சியைப் பார்த்துவிட்டு, அதன்பின் பல மாதம் சிப்ஸ் கவரைக் கீழே போடமாட்டான். சட்டைப் பையில் மடித்து வைத்திருப்பான். சித்தி துவைக்கும்போது எடுத்துத் திட்டுவார். படத்தில் விக்ரம்தான் ஹீரோ, அந்நியன் நல்லவர்களை ஒன்றும் செய்யமாட்டான் என்று நான் சமாதானம் சொன்னேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். ‘அதுதானே பிரச்சினை’ என்கிற பார்வை. எனக்கு அவன் வகையறா புரிந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால் ‘அம்மன்’ எடுத்த அதே கோடி ராமகிருஷ்ணாவும் தயாரிப்பாளர் ஷ்யாம் பிரசாத் ரெட்டியும் சேர்ந்து 2009இல் ‘அருந்ததி’ எடுத்தார்கள். அது அசல் பேய்ப் படம். பயமுறுத்துவதற்கென்றே காசு வாங்கிய படம். அதை முறுக்கு தின்றுகொண்டே பார்த்தேன். அந்தப் பேய்க்கு என் மேல் எந்தக் கோபமும் இல்லையே.

அந்த இரண்டு ரூபாய் என்ன ஆனது என்று கேட்பீர்கள். மாமா ஊரிலிருந்து வந்தபோது கொடுத்த காசில், யாரும் பார்க்காத நேரம் இரண்டு ரூபாயைச் சுருக்குப் பையில் திரும்ப வைத்தேன். அன்று ராத்திரிதான் நிம்மதியாக வேப்பமரத்தைத் தாண்டிப் போய் வந்தேன். ஆனால் ஆச்சி காசு குறைந்ததைக் கண்டுபிடிக்காதவள், கூடியதைக் கண்டுபிடித்துவிட்டாள். மறுநாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து மூன்று தடவை எண்ணிவிட்டு, “தாயே, ரெண்டு ரூவா கூட இருக்கே, எல்லாம் உன் செயல்” என்று கும்பிட்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, “எய்யா, இதக் கொண்டுபோய் அம்மன் கோயில் உண்டியல்ல போட்டுட்டு வா” என்று அந்தக் காசை என் கையிலேயே கொடுத்தாள்.

கோயிலுக்குப் போகும் வழியில்தான் ஜவ்வு மிட்டாய்க்காரர் நிற்பார். காசு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை இங்கே எழுதுவதாக இல்லை. ஆடி மாதம் வந்தால் அந்தப் படத்தை இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.