செல் சமிக்ஞை படிக்க விரும்பும் மகளுக்கு எந்தப் பாதை?

மதிப்புக்குரிய அம்மையீர்,

தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம்-உயிரியல் பிரிவில் படிக்கும் மகள், இரண்டு ஆண்டுகளாக நீட் தேர்வுக்குத் தயாராகிவந்த நிலையில், “எனக்கு டாக்டர் படிப்பு வேண்டாம்; செல்கள் எப்படிச் சேதி வாங்குகின்றன என்பதைத்தான் படிக்கப் போகிறேன்” என்று சொல்லிவிட்டாள் என்றும், அப்படி ஒரு படிப்பு இருக்கிறதா, இருந்தால் வேலை உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவள் சொல்லும் துறைக்குச் செல் சமிக்ஞை என்று பெயர். இளநிலைப் பட்டத்தில் அந்தப் பெயரில் பாடப்பிரிவைத் தேட வேண்டாம். உயிர்வேதியியல், மருந்தியல், செல் உயிரியல் ஆகிய மூன்றுக்குள்ளும் ஊடுபாவாக ஓடும் துறை அது. முதுநிலையிலும் முனைவர் பட்ட ஆய்விலும்தான் தனித்துத் தெரியும்.

தங்கள் கடிதத்தின் நடுவே போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு செய்திதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. தங்கள் மாமியாருக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது, “பாட்டி உடம்பிலும் இன்சுலின் சுரக்கத்தானே செய்கிறது, பிறகு ஏன் சர்க்கரை குறையவில்லை?” என்று மகள் கேட்டதாகவும், அன்றிரவு ‘வேதிய ஒருங்கிணைப்பு’ பாடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இந்தக் கேள்வி எழாது. தசைச் செல்லுக்கு வெளியே வந்து நிற்கும் இன்சுலின், செல் சவ்வில் பதிந்திருக்கும், சேதி வாங்கும் புரதமான ஏற்பியின் வெளிப்பகுதியைப் பற்றிக்கொள்கிறது. உடனே ஏற்பியின் உட்பகுதி ஒரு நொதியாக விழித்தெழுந்து, புரதங்களில் பாஸ்பேட் என்னும் சிறு வேதிக்குழுவைச் சேர்க்கத் தொடங்க, அந்த மாற்றம் ஒரு புரதத்திலிருந்து அடுத்த புரதத்துக்குக் கைமாறிச் சென்று, உள்ளே நுண்பைகளில் ஒதுங்கிக் கிடக்கும், சர்க்கரையைச் செல்லுக்குள் இழுக்கும் குளுக்கோஸ் கடத்திகளைச் சவ்வுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. இரண்டாம் வகை நீரிழிவில் ஹார்மோனும் உண்டு, ஏற்பியும் உண்டு; ஆனால் உள்ளே சேதி கைமாறும் வழியில் அது வலுவிழந்துபோகிறது. தங்கள் மகள் பாட்டியின் படுக்கையருகே நின்று கேட்ட கேள்வியை இன்றும் ஆய்வகங்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

மருத்துவத்தை விட்டு விலகிப் போகிறாளே என்ற தங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தத் துறைக்கும் மருத்துவத்துக்கும் நடுவே மதில் எதுவும் இல்லை. அட்ரினலின் கல்லீரலிலிருந்து எப்படிச் சர்க்கரையை வெளியேற்றுகிறது என்று 1950களில் ஆராய்ந்த எர்ல் சதர்லண்டு மருத்துவம் படித்தவர். உடைத்த கல்லீரல் செல்களில் சவ்வுத் துணுக்குகளோடு அட்ரினலினைச் சேர்த்தபோது, கொதிக்கவைத்தாலும் கெடாத ஒரு சிறு மூலக்கூறு அங்கே உண்டாவதையும், ஹார்மோன் செய்ய வேண்டிய வேலையை உள்ளே அந்த மூலக்கூறே தொடங்கி வைப்பதையும் அவர் கண்டார். ஹார்மோனின் சேதியைச் செல்லுக்குள் எடுத்துச் செல்வதால் இரண்டாம் தூதுவர் என்று அழைக்கப்படும் அந்த சைக்ளிக் ஏ.எம்.பி.க்காக 1971இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அட்ரினலின் உட்காரும் ஏற்பியைப் பற்றிய ஆய்வுக்காக 2012இல் வேதியியல் நோபல் பெற்ற ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் இதயநோய் மருத்துவர். அவருடன் பரிசைப் பகிர்ந்துகொண்ட பிரையன் கோபில்காவும் மருத்துவம் படித்தவரே. நம் நாட்டில், காலரா நச்சுதான் குடலிலிருந்து நீரை வெளியேறச் செய்கிறது என்று முயலின் குடலில் சோதித்து 1959இல் நிறுவிய கொல்கத்தாவின் சம்பு நாத் தே ஒரு நோயியல் பேராசிரியர். அந்த நச்சு குடல் செல்லுக்குள் சமிக்ஞைப் புரதம் ஒன்றை அணையவிடாமல் பூட்டிவிடுகிறது என்பதும், அதனால் சைக்ளிக் ஏ.எம்.பி. பெருகி உப்பும் நீரும் கொட்டுகின்றன என்பதும் பின்னால் தெரியவந்தன. ஆகவே மகள் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டும் இந்த ஆய்வுக்கு வரலாம். வராமல் வேறு வழியிலும் போகலாம்.

பாடத்தின் அழகை வைத்து மட்டும் முடிவெடுத்துவிடக் கூடாது என்பதால், ஆய்வகத்தில் அன்றாடம் நடப்பதையும் சொல்கிறேன். தட்டில் வளர்த்த செல்களுக்கு முதல் நாள் இரவே ஊட்டத்தைக் குறைத்து அவற்றை அமைதியாக்குவார்கள். மறுநாள் காலை ஹார்மோனை அளந்து விட்டு, இரண்டாம் நிமிடம், ஐந்தாம் நிமிடம், பதினைந்தாம் நிமிடம் என்று ஒவ்வொரு தட்டாக எடுத்துப் பனிக்கட்டியில் வைத்து நிறுத்த வேண்டும். பிறகு புரதங்களைப் பிரித்தெடுத்து, ஜெல்லில் ஓடவிட்டு, மென்தாளுக்கு மாற்றி, தேடும் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளில் ஊறவைத்து, மூன்றாம் நாள் மாலையில் பார்க்கும்போது ஒரு கருநிறப் பட்டை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஜெல் கிழிந்தாலோ எதிர்ப்பொருள் பழையதாக இருந்தாலோ முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இந்தப் பொறுமை மகளுக்கு உண்டா என்பதைத் தாயாகிய தாங்கள்தான் என்னைவிட நன்கு அறிவீர்கள். என் கணிப்பில், மதிப்பெண்ணைவிட இதுவே பெரிய தகுதி.

இனிப் பாதைகள். அவளிடம் கணிதமும் இருப்பதால், ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் நடத்தும் திறனறித் தேர்வை அவள் கட்டாயம் எழுத வேண்டும். ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பில் முதலில் எல்லா அறிவியலையும் கற்றுவிட்டுப் பிறகு உயிரியலுக்குத் திரும்பலாம். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் நான்காண்டு ஆய்வுப் பட்டத்துக்கும் அந்தத் தேர்வு பயன்படுகிறது. நீட் எழுதுவதையும் விட வேண்டாம். ஆனால் நீட் வரிசை எண்ணுக்காகக் காத்திருந்து, மற்ற விண்ணப்பங்களின் கடைசி நாளைத் தவறவிட்ட பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்தத் தவறு மட்டும் நேர வேண்டாம்.

உள்ளூர்க் கல்லூரிதான் வசதி என்றால், பெயரின் கவர்ச்சிக்காக பயோடெக்னாலஜியை எடுக்காமல், நல்ல ஆய்வகம் உள்ள கல்லூரியில் உயிர்வேதியியலோ வேதியியலோ படிக்கட்டும். ஏற்பியும் ஹார்மோனும் ஒன்றையொன்று பற்றுவது அடிப்படையில் வேதியியல்தான். பட்டம் முடிந்ததும் வேலை வேண்டும் என்று குடும்பம் கருதினால் பி.பார்ம். என்னும் மருந்தியல் பட்டப் படிப்பைத் தயங்காமல் சொல்வேன். ஆஸ்துமாவுக்கான சால்பூட்டமால் முதல் ரத்த அழுத்தத்துக்கான அட்டெனலால் வரை, அங்கே மருந்தியல் என்று படிப்பதில் பெரும்பகுதி ஏற்பிகளின் கதையே.

வேலையைப் பொறுத்தவரை, வெறும் பி.எஸ்சி. பட்டத்துக்குக் கிடைக்கும் சம்பளம் குறைவு. அதை மறைக்க விரும்பவில்லை. முதுநிலைக்குப் பின் ஐதராபாத், பெங்களூரு நகரங்களின் மருந்து ஆய்வு நிறுவனங்கள், நோயறிதல் துறை, மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு ஆகியவற்றில் இடம் உண்டு. பெற்றோர் பலர் அறியாத இன்னொரு துறை காப்புரிமை. அணையாமல் எரியும் சமிக்ஞைப் புரதம் ஒன்றால் வரும் ரத்தப் புற்றுநோய்க்கு, அந்தப் புரதத்தையே அடக்கும் இமாட்டினிப் மருந்து 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்ட விண்ணப்பம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் மறுக்கப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2013இல் மறுப்பே உறுதியாயிற்று. அறிவியலும் சட்டமும் சேர்ந்து தெரிந்தவர்களுக்கு அங்கே வேலை காத்திருக்கிறது.

ஆய்வாளர் ஆக வேண்டுமென்றால் பள்ளி முடித்த பின் ஒன்பது, பத்து ஆண்டுகள் ஆகும். முதுநிலை படித்தவர்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால், 2023இல் உயர்த்தப்பட்டபடி மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் கிடைக்கும் என்பதால், அந்தக் கட்டத்தில் வீட்டுப் பணம் தேவைப்படாது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் தாங்களும் அவள் தந்தையும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இறுதியாக, மகளுக்கு ஒரு வேலை தருகிறேன். சேதி எப்படித் தொடங்குகிறது என்பதைப் பாடநூல் சொல்லிவிடும். இன்சுலினின் சேதி எப்படி நிற்கிறது என்பதை, பாஸ்பேட்டை யார் எடுக்கிறார்கள், ஏற்பி எங்கே போகிறது என்று தேடிப் பார்த்து, தன் சொந்தத் தமிழில் ஒரே ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை, அடித்தல் திருத்தல் இருந்தாலும் பரவாயில்லை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இருவரும் நேரில் வாருங்கள். அதை வைத்துக்கொண்டு மேலே பேசுவோம்.