அதிபர் மனைவியின் உடுப்புக் கணக்கு

கேள்வி: தலைவர்களின் மனைவிமார் என்ன உடுத்துகிறார்கள் என்று எழுதுவதே அநாகரிகம் என்கிறாள் என் மகள். உங்கள் கருத்து? (வாசகி, கோவில்பட்டி)

மகள் சொல்வதில் முக்கால்வாசி சரி. 2009-ல் மிஷேல் ஒபாமாவின் அதிகாரபூர்வப் படம் வெளியானது. கையில்லாத கறுப்பு உடை, அவ்வளவுதான். அதற்கு முன்பே, பிப்ரவரிக் குளிரில் நாடாளுமன்றக் கூட்டத்துக்குக் கையில்லாத உடையில் வந்துவிட்டார் என்று ஆரம்பித்த பேச்சு, அவர் கைத்தசையை வைத்துப் பத்தி பத்தியாக எழுதுகிற அளவுக்குப் போனது. அதிபர் கென்னடியின் மனைவி ஜாக்குலின் அதே வெள்ளை மாளிகையில் அறுபதுகளிலேயே அப்படித்தான் உடுத்தினார் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை! என் ஷூ, வளையல், நெக்லஸ் எல்லாவற்றையும் படமெடுத்தார்கள், எட்டு வருஷமாக என் கணவர் ஒரே டக்ஸிடோவை (விருந்துக் கோட்டு) போட்டதை ஒருத்தரும் கவனிக்கவில்லை என்று மிஷேலே 2017-ல் மேடையில் கேலி செய்தார்.

மீதிக் கால்வாசி எது என்றால், உடுப்புக்கான பில். அதிபர் ரீகனின் மனைவி நான்சி பெரிய டிசைனர்களிடம் கவுன்களை இரவல் வாங்கி உடுத்தினார், எல்லாம் திரும்பிப் போனதா என்பதே சந்தேகமாக இருந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய 1982-ல் இது வெளியே வந்ததால் ஊர் கொதித்தது, இனி வாங்கமாட்டேன் என்றார். அப்புறம் பத்திரிகையாளர் விருந்து ஒன்றில் கந்தல் உடுத்தி மேடையேறித் தன்னைத் தானே கிண்டலடித்துப் பாடியதும், கூட்டம் கைதட்டி மன்னித்துவிட்டது. கெட்டிக்காரி. ஆனால் 1988-ல் மறுபடி இரவல் வாங்கியது அம்பலமாக, தனக்குத் தானே போட்ட சின்ன விதியை மீறிவிட்டார் என்று அவருடைய செய்திச் செயலாளரே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. 2024-ல் பிரிட்டனிலும் இதே கதை. பிரதமர் ஸ்டார்மரின் மனைவிக்குக் கட்சிப் பணக்காரர் ஒருவர் துணி வாங்கித் தந்தார், அதை ஸ்டார்மர் கணக்கில் காட்டியது தாமதமாக. அங்கே நியாயமாகத் திட்டு வாங்க வேண்டியவர் கணவர்தான், உடுத்தியவர் அல்ல. கவுனின் கழுத்து எவ்வளவு இறக்கம் என்பதை விட்டுவிட்டு யார் காசு என்று கேட்டால், உங்கள் மகளும் ஒத்துக்கொள்வாள் என்று நினைக்கிறேன்.

கேள்வி: அப்படியென்றால் மெலானியா டிரம்ப் போட்டது வெறும் 39 டாலர் ஜாக்கெட். அதற்கு ஏன் அத்தனை கூச்சல்? (வாசகர், தாம்பரம்)

விலை பிரச்சினையில்லை, முதுகில் இருந்த எழுத்துதான். 2018 ஜூனில், அமெரிக்க எல்லையில் குடியேற வந்த பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகள் விவகாரம் பற்றியெரிந்தபோது, டெக்சாஸில் பிள்ளைகள் காப்பகத்துக்குக் கிளம்பியவர் அணிந்திருந்த ஜாக்கெட்டில் ‘எனக்கு உண்மையிலேயே கவலையில்லை, உங்களுக்கு?’ என்ற வாசகம். காப்பகத்துக்குள் அதைப் போடவில்லை, விமானத்தில் ஏறும்போதும் திரும்பி வந்து இறங்கும்போதும் போட்டிருந்தார். சும்மா ஜாக்கெட் என்றார் செய்தித் தொடர்பாளர், பொய்ச் செய்தி ஊடகங்களுக்கான பதில் என்றார் கணவர், சில மாதம் கழித்து அம்மணியே ஆமாம், விமர்சிப்பவர்களுக்குத்தான் என்றார். முதுகில் எழுதி ஊர் முழுக்கக் காட்டினால் ஊர் படிக்கத்தானே செய்யும்?

கேள்வி: பெண் தலைவர்களின் கணவர்களை யாராவது இப்படி அலசுகிறார்களா? (வாசகி, காரைக்கால்)

ஜெர்மனியின் முன்னாள் தலைவர் மெர்க்கலின் கணவர் யோவாகிம் சவர் வேதியியல் பேராசிரியர். 2005-ல் மனைவி பதவியேற்றபோதுகூட நேரில் வரவில்லை, அவர் கோட்டு என்ன நிறம் என்று கேட்டால் ஜெர்மன்காரர்களே முழிப்பார்கள். மெர்க்கல் தப்பவில்லை. 2008-ல் ஆஸ்லோ ஓபரா திறப்புக்குக் கழுத்து இறக்கமான கவுனில் போனார், மறுநாள் பத்திரிகைகளில் அதுதான் செய்தி.