கேரவனுக்கு மின்சாரம்: பேனலா, ஜெனரேட்டரா, என்ஜினா?

கேள்வி: பழைய வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, சிறிய 12 வோல்ட் ஃபிரிட்ஜ், இரண்டு மின்விசிறிகள் ஆகியவற்றுடன் கேரவனாக மாற்றி வருகிறோம். குமுளி, வண்டிப்பெரியாறு, வாகமண், மூணாறு என்று மலைப்பக்கமே செல்வோம். ஓரிடத்தில் இரண்டு இரவுகளுக்கு மேல் தங்குவதில்லை. எர்ணாகுளத்துக் கடைக்காரர் ஜெனரேட்டரே போதும் என்கிறார். மைத்துனர் சோலார் பேனல் போடச் சொல்கிறார். அம்மாவுக்காக ஏசியும் இண்டக்‌ஷன் அடுப்பும் வைக்க விரும்புகிறோம். எதை வாங்கலாம்?
- வாசகர், கம்பம்

பதில்: எதை வாங்குவது என்பதற்கு முன்னால், ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதை வீட்டு மின்கட்டணத்தைப் போலவே யூனிட்டில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் ஃபிரிட்ஜுக்கு ஏறத்தாழ அரை யூனிட், 30 வாட் மின்விசிறிகள் இரண்டும் இரவு முழுவதும் ஓடினால் இன்னோர் அரை யூனிட், விளக்குகளுக்கும் கைபேசிகளுக்கும் கொஞ்சம் என்று பார்த்தால், ஒன்றேகால் யூனிட்டுக்குள் அடங்கிவிடும். ஏசியோ ஓர் இரவுக்கே நான்கைந்து யூனிட் கேட்கும். இண்டக்‌ஷன் அடுப்பு ஒரு வேளைச் சமையலுக்கே முக்கால் யூனிட் வரை இழுத்துவிடும். மலையில் இரவுக்கு ஏசி தேவைப்படாது. சமையலுக்கு 5 கிலோ சிலிண்டரே போதும், காற்றோட்டம் மட்டும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டால் உங்கள் செலவு பெருமளவு குறையும்.

சேமித்து வைக்க, 100 ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி இரண்டை வாங்குங்கள். இரண்டும் சேர்ந்து சுமார் இரண்டரை யூனிட் கொள்ளும். அதில் பெரும்பகுதியை அஞ்சாமல் பயன்படுத்தலாம். வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் டியூபுலர் பேட்டரி விலையில் மலிவுதான். ஆனால் அதன் சார்ஜைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும்; தவிர, ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவுக்குக் குறையாத எடையை குமுளி மலைப்பாதை வளைவுகளில் வேன் சுமந்து ஏற வேண்டும். உறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் அதை வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அந்தப் பேட்டரியை எதனால் நிரப்புவது என்பதில்தான் உங்கள் மைத்துனரிடமிருந்து வேறுபடுகிறேன். 300 வாட் பேனல், கம்பம் பள்ளத்தாக்கின் தெளிந்த வெயிலில் நாளொன்றுக்கு ஒன்றேகால் யூனிட் வரை தரக்கூடும். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், கணவாயைத் தாண்டிக் குமுளிக்குள் நுழைந்ததும் வானம் மூடிக்கொள்ளும். அப்போது அதில் கால்வாசி கிடைத்தாலே அதிகம். மரநிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலும் உற்பத்தி வெகுவாகக் குறையும். நீங்களோ இரண்டு நாளுக்கு ஒருமுறை வண்டியை ஓட்டுகிறவர்கள். ஆகவே என்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரியை நிரப்பும் 40 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜரை முதலில் பொருத்துங்கள். அது மணிக்கு ஏறத்தாழ அரை யூனிட் தரும். கம்பத்திலிருந்து வாகமண் போய்ச் சேருவதற்குள் ஒரு யூனிட் ஏறிவிடும். உங்கள் ஆல்டர்னேட்டர் அந்தச் சுமையைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பேனலை இரண்டாவதாகச் சேர்க்கலாம். அப்போது பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் பொருத்த, பேனலிலிருந்து கூடுமானவரை அதிக மின்சாரத்தை எடுக்கும் எம்பிபிடி வகைக் கன்ட்ரோலரையே கேளுங்கள். தங்கும் விடுதிகளில் பிளக் கிடைத்தால், 20 ஆம்பியர் சார்ஜர் ஒன்று ஓர் இரவில் இரண்டு யூனிட் நிரப்பிவிடும்.

ஜெனரேட்டர் வேண்டாம். காட்டோர இரவில் அதன் இரைச்சல் யாருக்கும் நல்லதில்லை. அதைவிட முக்கியம், அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை. மூடிய வேனுக்குள் புகுந்தால் உறங்குபவர்கள் விழிக்காமலே போகக்கூடும். பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கி வரும் பவர் ஸ்டேஷன் எப்போதாவது போகிறவர்களுக்கு வசதிதான். ஆனால் ஒரு பாகம் பழுதானாலும் முழுப் பெட்டியையும் சர்வீஸுக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

வயரிங்கை அனுபவமுள்ளவரிடமே கொடுங்கள். 12 வோல்ட்டில் 2000 வாட் இன்வெர்ட்டர் 160 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய வயரைப் போட்டால் அது சூடாகித் தீப்பிடிக்கும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். வண்டியின் அமைப்பை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு கட்டுப்பாடுகள் விதிப்பதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேட்டரிக்கு ஐந்து ஆண்டு வாரண்டி என்று கடைக்காரர் வாய்மொழியாகச் சொல்கிறார். கேரளத்தில் வாங்கிவிட்டு, பழுதானால் அங்கேதான் அலைய வேண்டுமா?

பதில்: வாய்மொழியை நம்ப வேண்டாம். ஜிஎஸ்டி பில்லில் பேட்டரியின் வரிசை எண்ணும் வாங்கிய தேதியும் இருக்க வேண்டும். வாரண்டி அட்டையில் கடையின் முத்திரை வேண்டும். எத்தனை ஆண்டுகள் முழு மாற்று, எத்தனை ஆண்டுகள் விலைக்கழிவு (புது பேட்டரி வாங்கும்போது விலையில் ஒரு பகுதி மட்டும் தள்ளுபடி) என்பதும் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். தகராறு வந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார் செய்பவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். எனவே எர்ணாகுளத்தில் வாங்கிய பொருளுக்கும் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் மனு கொடுக்கலாம்.