இடது சரவுண்டு ஸ்பீக்கரின் சத்தம் மட்டும் குறைவாகக் கேட்பது ஏன்?

படத்தை ஓடவிட்டு இதை முடிவு செய்யாதீர்கள். சரவுண்டு தடங்களில் இரு பக்கமும் ஒரே அளவு ஒலி இருக்க வேண்டும் என்பதே இல்லை. ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில் உள்ள டெஸ்ட் டோனைத்தான், அதாவது ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் மாறி மாறி ஒரே அளவில் வரும் சோதனை ஒலியைத்தான், நம்ப வேண்டும்.

முதலில் இரண்டு சரவுண்டுகளின் லெவலையும் 0 டெசிபலில் வையுங்கள். டோனில் இடது இன்னும் மெலிதாக இருந்தால், ரிசீவரை அணைத்து, அதன் பின்புறம் இடது, வலது சரவுண்டு வயர்களை மாற்றிச் செருகுங்கள். அதே இடது ஸ்பீக்கர்தான் மெலிதாக ஒலிக்கிறதா? கோளாறு வயரிலோ, ஸ்பீக்கரிலோ, அது இருக்கும் இடத்திலோ. இப்போது வலது மெலிந்துவிட்டால் ரிசீவரின் இடது சரவுண்டு சேனலைத்தான் (அந்தப் பக்கத்து வெளியீட்டை) சந்தேகிக்க வேண்டும். பிரிந்த செம்பு இழை பக்கத்து முனையைத் தொடாதபடி பாருங்கள். ஷார்ட் ஆனால் ஆம்ப்ளிஃபையரே பழுதாகலாம்.

வயரும் ஸ்பீக்கரும் சரி என்றால் தூரம்தான் பெரும்பாலும் காரணம். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். அறைக்குள் எதிரொலியால் சற்றுக் குறைவாக இறங்கும். சோபா ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தாலே வித்தியாசம் தெரியும். உட்காரும் இடத்தில், காது உயரத்தில் சவுண்ட் மீட்டரை சி வெயிட்டிங், ஸ்லோ நிலையில் (இரண்டும் மீட்டரில் உள்ள அமைப்புகள்) வைத்து, டெஸ்ட் டோனில் ஒவ்வொரு சேனலும் 75 டெசிபல் காட்டும்வரை லெவலைத் திருத்துங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் அளந்து ரிசீவரில் பதியுங்கள்: 1 மீட்டர் பிழை ஏறத்தாழ 3 மில்லிசெகண்ட் தாமதம்.

மீட்டரில் இரண்டும் சமம், ஆனாலும் ஒலி எங்கிருந்து வருகிறதென்றே பிடிபடவில்லை என்றால், ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கும்.